தையல் மெஷின் இல்லாமல் சூப்பர்ஹீரோ உடை: எங்கிருந்து தொடங்குவது?

மழைக்காகம்:

வணக்கம் நண்பர்களே, உதவி வேண்டும். மகனின் வகுப்புத் தோழன் பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் எல்லாரும் சூப்பர்ஹீரோ வேடத்தில் வரவேண்டுமாம், கையில் இருப்பது பன்னிரண்டு நாள். மகனுக்கு ஏழு வயது, ஸ்பைடர்மேனைத் தவிர வேறு பேச்சே இல்லை. மகளுக்கு நாலு வயது, அவளுக்கு யாருடைய வேடமும் வேண்டாமாம். மரத்தில் மாட்டிக்கொண்ட பூனைக்குட்டிகளை இறக்கிவிடும் ஹீரோவாம், பெயர் இன்னும் முடிவாகவில்லை, ஆனால் முதுகில் கேப் பறக்க வேண்டும் என்பது மட்டும் முடிவாகிவிட்டது.

போன வருடம் ரெடிமேட் உடை ஒன்று வாங்கினேன். முதுகில் ஜிப், கழுத்தெல்லாம் அரிப்பு, பாத்ரூம் போக ஒவ்வொரு தடவையும் முழுசாகக் கழற்ற வேண்டியிருந்தது, ஓடி விளையாடியதில் ஒரு மணி நேரத்துக்குள் கால் இடுக்கில் கிழிந்துவிட்டது. அவன் அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் இந்தத் தடவை நானே செய்து கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த தையல் பட்டன் தைப்பதும் ஓரம் மடித்துத் தைப்பதும்தான், அதுவும் கையால். வீட்டில் இருப்பது சிவப்பு முழுக்கை டிஷர்ட், நீல டிராக் பேண்ட், மகளுடைய ஊதா டிஷர்ட், கறுப்பு லெக்கிங்ஸ், பெரியவர்களின் பழைய டிஷர்ட்டுகள், அப்புறம் ஜோடி தொலைந்த சாக்ஸ் ஒரு பை நிறைய. வலைக் கோடுகளை எப்படிப் போடுவது, முகமூடி என்ன செய்வது, ஷூவை எப்படி மறைப்பது? எதை முதலில் கையில் எடுப்பது என்றே தெரியவில்லை.

நூல்கண்டு:

சகோ, பாதி வேலை முடிந்துவிட்டது என்றுதான் சொல்வேன். சிவப்பும் நீலமும் வீட்டிலேயே இருக்கிறது, அதுவும் இரண்டு துண்டாக இருக்கிறது. ஒரே துண்டு உடையைத் தேடவே தேடாதீர்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று இருந்தால் பிள்ளை தானே பாத்ரூம் போய் வரும், போன வருடத்துக் கதை திரும்ப வராது. விழா முடிந்த பிறகு டிராக் பேண்ட் டிராக் பேண்டாகவே இருக்கும்.

முதலில் ஒரு வேலை. பிள்ளையை அந்த உடையில் நிறுத்தி, அறையின் அந்தக் கோடியிலிருந்து பாருங்கள். அங்கிருந்து கண்ணில் படுவது நிறம், நெஞ்சில் இருக்கும் சின்னம், தலை, இவ்வளவுதான். நேரத்தை இவற்றில் செலவு செய்யுங்கள், கைமுட்டியில் கோடு விட்டுப்போனதை எந்தப் பிள்ளையும் கவனிக்காது.

வலைக் கோடு பற்றிக் கேட்டீர்கள். 1962இல் ஸ்டீவ் டிட்கோ வரைந்த முதல் ஸ்பைடர்மேன் உடையிலேயே வலை சிவப்புப் பகுதியில் மட்டும்தான், நீலத்தில் கோடே கிடையாது. ஆகவே பேண்டைத் தொட வேண்டாம். டிஷர்ட்டுக்குள் அட்டை ஒன்றை இறுக்கமாக நுழையுங்கள், பிள்ளை போட்டால் எவ்வளவு இழுபடுமோ அவ்வளவு இழுபட்டு நிற்க வேண்டும். இதைச் செய்யாமல் தட்டையாக விரித்து வரைந்தால், போட்டவுடன் துணி விரிந்து கோடுகள் விட்டுவிட்டுத் தெரியும், பெயிண்டாக இருந்தால் வெடிக்கும். நானே ஒரு சட்டையை அப்படிப் பாழாக்கி இரவோடு இரவாக மறுபடி வரைந்திருக்கிறேன். அட்டை இருந்தால் மை முதுகுப் பக்கம் ஊறுவதும் நின்றுவிடும்.

வரைவது இப்படி: கழுத்துக்குக் கீழே நடு நெஞ்சில் ஒரு புள்ளி. அங்கிருந்து சூரியக் கதிர் மாதிரி எல்லாப் பக்கமும் நேர்கோடுகள், முதலில் சாக்பீஸில். அப்புறம் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளை வளைவுகளால் இணைக்க வேண்டும், வளைவின் வயிறு அந்தப் புள்ளியைப் பார்த்து உள்வாங்கி இருக்கட்டும். வெளியே பார்த்து வளைத்தால் மீன் செதில் மாதிரி ஆகிவிடும். சாக்பீஸ் கோடு திருப்தியாக இருந்தால் மட்டும் மேலே கறுப்பு ஃபேப்ரிக் பேனாவால் போடுங்கள். சாதாரண மார்க்கர் பனியன் துணியில் பரவும், அதைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் உள்பக்க மடிப்பில் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பெயிண்ட் என்றால் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, துணியைத் திருப்பிப் போட்டு உள்பக்கமாக அயர்ன் செய்யுங்கள், சூட்டில்தான் நிறம் பிடிக்கும். எத்தனை நிமிடம் என்று பாட்டிலில் போட்டிருப்பார்கள், அதன்படி செய்யுங்கள்.

பழையபெட்டி:

எனக்கு உங்கள் மகளுடைய ஹீரோவைத்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது. சொந்தமாக யோசித்த ஹீரோவுக்கு உடை செய்யும்போது "இது அது மாதிரி இல்லையே" என்று யாரும் சொல்ல முடியாது. அவளையே ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள், கோணல்மாணலாக இருந்தாலும் அதைப் பார்த்தே செய்யுங்கள்.

ஊதாவுக்கு எதிர் நிறம் மஞ்சள், இரண்டும் பக்கத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று தூக்கிக்காட்டும். மஞ்சள் ஃபெல்ட் துணியில் பூனையின் பாதத் தடம் வெட்டுங்கள்: பெரிய திண்டு ஒன்று, மேலே நாலு சின்ன வட்டம். ஃபெல்ட் பிசிறு வராது, அதனால் ஓரம் மடிக்க வேண்டாம், வெட்டியதை அப்படியே வைத்துச் சுற்றிலும் ஓட்டுத் தையல் போட்டால் போதும், பட்டன் தைக்கத் தெரிந்தவருக்கு அது வரும். பெயிண்டில் செய்வதாக இருந்தால் ஊதா மேல் நேராக மஞ்சள் பூசாதீர்கள், அமுங்கி அழுக்காகத் தெரியும். அடியில் ஒரு கோட் வெள்ளை, அது காய்ந்த பிறகு மஞ்சள்.

கீழே கறுப்பு லெக்கிங்ஸ் மேல் மஞ்சள் ஷார்ட்ஸ் ஒன்று போட்டுவிடுங்கள். 1938இல் வந்த சூப்பர்மேன் பேண்டுக்கு மேல் ஜட்டி போட்டிருப்பது அந்தக் காலத்து சர்க்கஸ் பலசாலிகளின் உடையைப் பார்த்து வந்ததுதான். பிள்ளைகளுக்கும் அது பிடிக்கும், லெக்கிங்ஸ் மட்டும் போட்டு விளையாடுவதைவிட உட்காரும் இடமும் சீக்கிரம் தேயாது.

கேப்புக்குப் பெரியவர்களின் பழைய டிஷர்ட் போதும். கைகளையும் முன்பக்கத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, கழுத்துப் பட்டியையும் முதுகையும் மட்டும் விடுங்கள். முதுகுத் துணியைத் தோளில் குறுகலாகவும் கீழே அகலமாகவும் சரித்து வெட்டினால் ஓடும்போது விரியும். பனியன் துணி நூல் பிரியாது, ஓரம் கொஞ்சம் சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான். சாட்டின் பளபளப்பாக இருக்கிறதே என்று போய்விடாதீர்கள், வெட்டிய நிமிடமே பிசிறு விடும், கையால் ஓரம் தைத்து முடிப்பதற்குள் பன்னிரண்டு நாளும் போய்விடும்.

இனி சொல்வதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கழுத்தில் கயிறு கட்டி முடிச்சுப் போடும் கேப் வேண்டவே வேண்டாம். சறுக்கு மரத்திலோ கதவிலோ மாட்டினால் இழுப்பு முழுக்கத் தொண்டையில் விழும். அந்தக் கழுத்துப் பட்டியையும் நடுவில் வெட்டிவிட்டு, கேப்பின் இரண்டு மூலைகளையும் டிஷர்ட்டின் இரண்டு தோளில் சின்ன வெல்க்ரோ துண்டால் ஒட்டுங்கள். யாராவது இழுத்தால் கையோடு வந்துவிடும். நீளம் முழங்காலுக்குப் பின்பக்கம் வரை, அதற்குக் கீழே போனால் படி ஏறும்போது தானே மிதித்து விழுவாள். மெழுகுவர்த்தி ஏற்றும் நேரத்தில் மகள் மேஜைப் பக்கம் போவதற்கு முன் கேப்பைக் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள், வெல்க்ரோ என்பதால் ஒரு நொடி வேலை.

மழைக்காகம்:

நூல்கண்டு, பழையபெட்டி, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு வலை வரைந்து முடித்தேன், அட்டை வைத்தது எவ்வளவு நல்லது என்று அவன் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. மகள் படம் வரைந்து கொடுத்துவிட்டாள், கேப்பிலும் ஒரு பாதத் தடம் இருக்கிறது.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். மகன் கண்ணாடி போடுகிறவன். சிவப்புத் துணியில் முகமூடி மாதிரி வெட்டிப் பார்த்தேன், உள்ளே கண்ணாடி போட்டால் மூச்சுப் பட்டு மங்குகிறது, கழற்றினால் அவனுக்குத் தூரத்தில் இருப்பது தெரியவில்லை. "பரவாயில்லை, நான் கண்ணாடி இல்லாமலே போறேன்" என்கிறான். எனக்கு மனசு கேட்கவில்லை.

கால்சட்டைப்பை:

கண்ணாடியைக் கழற்ற விடாதீர்கள். ஓடி விளையாடும் இடத்தில் பிள்ளைக்குக் கண் சரியாகத் தெரிய வேண்டும். என் மகளும் கண்ணாடி போடுகிறவள், நாங்கள் முகமூடியையே விட்டுவிட்டோம்.

உங்கள் மகனுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்: 2017இல் வந்த ஸ்பைடர்மேன் ஹோம்கமிங் படத்தில் பீட்டர், அதாவது ஸ்பைடர்மேனாக மாறும் பையன், தானே செய்துகொண்ட உடை ஒன்று வரும். நீல முழுக்கைச் சட்டைக்கு மேல் கையில்லாத சிவப்பு ஹூடி, நெஞ்சில் கறுப்புச் சிலந்தி, கண்ணில் பெரிய கறுப்புக் காகில்ஸ். வீட்டுத் துணியில் செய்ததுதான் அந்தக் கதையில் ஸ்பைடர்மேனின் சொந்த உடை. அதைக் காட்டினால் கண்ணாடியும் வேடத்தில் ஒரு பாகமாகிவிடும்.

முகத்தைத் திறந்து விட்டுத் தலையை மட்டும் மூடுங்கள். சிவப்புக் கம்பளித் தொப்பியோ ஹூடோ எடுத்து, நெற்றிக்கு மேல் வருகிற இடத்தில் வெள்ளை ஃபெல்ட்டில் இரண்டு பெரிய கண்கள் வெட்டித் தையுங்கள், சுற்றிலும் கறுப்பு ஓரம் கொஞ்சம் தடிமனாக. தூரத்திலிருந்து பார்த்தால் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்ட மாதிரி இருக்கும். கீழே அவன் கண்ணாடி அவன் மூக்கில், மூச்சும் தாராளம். கண்களைத் தைப்பதற்கு முன் தொப்பியை அவன் தலையில் மாட்டி ஊக்கால் இடம் பார்த்துக்கொள்ளுங்கள், கழற்றியபின் குத்தினால் கட்டாயம் ஒன்று மேலே ஒன்று கீழே போகும்.

அந்த சாக்ஸ் பையைத் தூக்கிப் போடாதீர்கள், கையுறை அதில்தான் இருக்கிறது. நீளமான சாக்ஸில் விரல் நுனிப் பகுதியை வெட்டிவிடுங்கள், குதிகால் புடைப்பில் சின்னதாக ஒரு வெட்டு, அதில் கட்டைவிரல் வெளியே வரும். விரல்கள் எல்லாம் வெளியே இருப்பதால் பிள்ளைக்குச் சாப்பிட, எழுத, ஜிப் போட ஒன்றுக்கும் தடை இருக்காது.

ஷூவுக்கு மேலே சாக்ஸை இழுத்து மாட்டுவதைப் பலர் செய்கிறார்கள், வேண்டாம், வழவழத் தரையில் வழுக்கிவிடும். பழைய லெக்கிங்ஸின் முழங்காலுக்குக் கீழ்ப் பகுதியை வெட்டி ஷூ மேல் குழாய் மாதிரி மாட்டுங்கள். கீழ் விளிம்பில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அகல எலாஸ்டிக் ஒன்று தைத்து, ஷூவுக்கு அடியில் குதிகாலுக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் ஓடவிடுங்கள். ஷூவின் அடிப்பாகம் தரையைப் பிடித்துக்கொண்டே இருக்கும், பார்க்க பூட்ஸ்.

மழைக்காகம்:

தொப்பியில் கண்கள் வைத்தாயிற்று! கண்ணாடியோடு கண்ணாடி முன்னால் நின்று கொண்டு நகர மாட்டேன் என்கிறான், பார்க்கவே அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. உங்கள் மூவருக்கும் நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

மகள் இப்போது பெல்ட் கேட்கிறாள். பூனைக்குட்டி இறங்கி வர மறுத்தால் காட்டிக் கூப்பிட ஏதாவது வைத்துக்கொள்ள அதில் பை வேண்டுமாம். மூன்று நாள் மிச்சம் இருக்கிறது, முடியுமா?

நூல்கண்டு:

ஒரு மணி நேர வேலை. இடுப்பு அளவுக்கு அகல எலாஸ்டிக், பின்பக்கம் வெல்க்ரோ. ஜோடி இல்லாத மஞ்சள் சாக்ஸ் ஏதாவது இருந்தால் விரல் பக்கத்து முனையை நாலு அங்குலத்துக்கு வெட்டுங்கள், அதுவே அடி மூடிய பை. வெட்டிய வாயை உள்ளே ஒரு முறை மடித்துத் தைத்து, பையின் பின்புறத்தை மட்டும் எலாஸ்டிக்கில் தையுங்கள், முன்புறமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளாமல் உள்ளே ஒரு அட்டைத் துண்டு வைத்துக்கொண்டு தைத்தால் சுலபம். வலது கைப்பக்கம் வையுங்கள், இடது கைக்காரி என்றால் இடது பக்கம். பட்டன் எதுவும் போடாதீர்கள், அந்த அவசரத்தில் அவளால் திறக்க முடியாது.