புதுப்பிப்பு: அபாகவிருக்கு முன் மரபணுப் பரிசோதனை

சிறுநீரகம் பாதித்ததால் தம்பியின் எச்ஐவி மருந்தில் டெனோஃபோவிரை நிறுத்திவிட்டு அபாகவிர் தரலாம் என்றார் மருத்துவர். அதற்கு முன் மரபணுப் பரிசோதனை அவசியம்தானா என்று கேட்டிருந்தேன். அவசியம்தான்.

அண்ணா நகரில் ரத்தம் கொடுத்தோம். எச்எல்ஏ-பி*57:01 என்ற மரபணு வகை இல்லை என்று ஒரே வரியில் முடிவு வந்தது. அம்மாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

இந்த மரபணு வகை உள்ளவர்களுக்கு அபாகவிர் கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம். காய்ச்சல், தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் எல்லாம் பெரும்பாலும் முதல் 6 வாரங்களுக்குள் வரும். 2008இல் வெளியான பெரிய ஆய்வில், முன்கூட்டியே பரிசோதித்து மருந்து தந்தவர்களிடம் தோல் சோதனையில் உறுதியான ஒவ்வாமை ஒன்றுகூட இல்லை. பரிசோதிக்காமல் தந்தவர்களிடம் 2.7 சதவீதம். இதைவிட என்ன சான்று வேண்டும்?

அந்த மரபணு வகை இல்லை என்று முடிவு வந்தாலும் கவனம் தேவை. ஒவ்வாமை என்ற சந்தேகத்தில் நிறுத்திய அபாகவிரை மறுபடி தொடவே கூடாது, உயிருக்கே ஆபத்து என்று தம்பியின் சிகிச்சைக் குறிப்பேட்டில் சிவப்பு மையில் மருத்துவர் எழுதியிருக்கிறார் என்பதை அழுத்திச் சொல்கிறேன். காய்ச்சல் கண்டால் தானாக நிறுத்தாமல் உடனே வரச் சொன்னார்.

மரபணு வகை இருந்தால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: அபாகவிர் மட்டும்தான் ஆகாது. வேறு மருந்துகள் இருக்கின்றன, சிகிச்சை நிற்காது.