புதுப்பிப்பு: டர்பனில் கடைசி நாள்
தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கடைசி நாள், இரவுதான் விமானம், எங்கே போகலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். மோசஸ் மபிடா கால்பந்து அரங்கம் என்று பலர் சொன்னீர்கள். சரி, போனேன். அரங்கத்துக்கு மேலே எழும் 106 மீட்டர் உயர வளைவைக் கீழே நின்றே அண்ணாந்து பார்த்துக்கொண்டேன், அது போதும்.

அப்புறம் கோல்டன் மைல் கடற்கரையில் செருப்பைக் கையில் பிடித்தபடி நடை. ஜூலை குளிர்காலம் என்று பெயர்தான். தண்ணீர் அப்படியொன்றும் சில்லிடவில்லை. 1860இல் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது இந்த ஊரில்தான். இங்கே சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் அத்தையின் முன்னோரும் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களே.

மதியம் அத்தை பன்னி சௌ வாங்கித் தந்தார். ரொட்டியைக் குடைந்து உள்ளே ஆட்டுக்கறிக் குழம்பு. கரண்டி கேட்டேன், சிரித்துவிட்டார். விக்டோரியா தெருச் சந்தையில் வாங்கிய மசாலா வாசனை இன்னும் பெட்டியை விட்டுப் போகவில்லை.