தேர்தல் மனு: நடைமுறைப் பிழையா, நீதியா? வழக்கறிஞர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். அடுத்த வாரம் மாதிரி நீதிமன்றப் போட்டியில், வென்றவரின் தேர்தல் செல்லாது என்று கேட்டுத் தேர்தல் மனு போட்ட, தோற்ற வேட்பாளர் தரப்பில் நான் வாதாட வேண்டும். சட்டம் படித்தவர்கள் யாராவது வழிகாட்டினால் புண்ணியமாகப் போகும்.

1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 86-வது பிரிவில்தான் சிக்கல். மனுவை எப்போது, எப்படித் தாக்கல் செய்வது, யாரை எதிர்மனுதாரராகச் சேர்ப்பது, எவ்வளவு காப்புத்தொகை கட்டுவது என்று சொல்லும் 81, 82, 117 பிரிவுகளை மீறினால் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தே ஆக வேண்டும். 45 நாள் கெடு தாண்டினாலோ, 2,000 ரூபாய் காப்புத்தொகை கட்டாவிட்டாலோ கதை முடிந்தது. அது எனக்குப் புரிகிறது. வென்றவர் தலைமேல் வருடக்கணக்கில் கத்தி தொங்கக் கூடாதுதானே.

ஆனால் மனுவில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் 83-வது பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. ஊழல் நடவடிக்கை (வாக்குக்குப் பணம் கொடுப்பது போன்ற தேர்தல் முறைகேடு) குறித்த பிரமாணப் பத்திரத்தில் குறை இருந்தால் திருத்திக்கொள்ளலாம் என்று 2013-இல் சித்தேஷ்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முன்பே, 1999-இல் டி.எம்.ஜேக்கப் வழக்கு. எதிர்மனுதாரருக்குக் கொடுத்த பிரமாணப் பத்திர நகலில் நோட்டரியின் சான்று விடுபட்டிருந்தது. அவ்வளவுதான். அதற்காக மனு சாகாது என்றது உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு.

சரி, என் கேள்விக்கு வருகிறேன். எங்கள் கற்பனை வழக்கில், நகலின் ஒரு பக்கத்தில் மட்டும் மனுதாரர் கையெழுத்தில்லை. ஒவ்வொரு நகலையும் உண்மை நகல் என்று மனுதாரரே கையெழுத்திட்டுச் சான்றளிக்க வேண்டும் என்கிற 81(3)-க்குள் இது வருகிறதே! 'கணிசமான இணக்கம்' (விதியைப் பெரும்பாலும் பின்பற்றியிருந்தால் போதும்) என்ற வாதம் இங்கே நிற்குமா? எதிர்த்தரப்பு எந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வரும்? அப்புறம், தமிழில் இதைப் பற்றி எழுதப்பட்ட நல்ல கட்டுரை இருந்தால் சொல்லுங்கள்.