அலமாரியைத் தச்சரிடம் கட்டுவதா, கடையில் வாங்குவதா?

பொங்கோல் புதுவீடு

அடுத்த மாதம் சாவி கைக்கு வருகிறது. சிங்கப்பூரின் பொங்கோலில் நாலறை வீடு, பிடிஓ, அதாவது முன்பதிவுக்கேற்ப வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டித் தரும் புது வீடு. பெரிய படுக்கையறையில் ஒரு சுவர் முழுக்க, 9 அடிக்கு, தரையிலிருந்து கூரை வரை அலமாரி கட்ட ஒரு புதுப்பிப்புக் குத்தகையாளரிடம் கேட்டோம். அடிக்கு 340 வெள்ளி, மொத்தம் 3,060 என்று விலைப்புள்ளி தந்திருக்கிறார். உள்ளே இழுப்பறை வைத்தால் அது தனிக் கணக்காம். கடையில் பெட்டி பெட்டியாக விற்கிறார்களே, அதுவே போதும் என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் சேலைகள், மாமியார் தந்த பட்டு, கணவரின் சட்டைகள், விருந்தினருக்கான மெத்தை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பட்டறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈசூன்காரன்

உங்கள் கணவர் பக்கம்தான் நான், சகோதரி. முதல் வீட்டில் ஆசை ஆசையாகச் சுவரோடு சேர்த்துக் கட்டினேன். விற்பதற்கு முன் இருந்தாக வேண்டிய ஐந்தாண்டுக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்து, அடுத்த ஆண்டே வீட்டை விற்றேன். வாங்க வந்தவர் படுக்கையறையில் நின்றபடி, "இதை உடைத்து அப்புறப்படுத்த எவ்வளவு ஆகும்?" என்று தன் மனைவியிடம் கேட்டார். நான் பக்கத்திலேயே இருந்தேன். வீட்டோடு போய்விடுகிற பொருளுக்கு அவ்வளவு பணம் எதற்கு? இப்போதைய வீட்டில் கடைப் பெட்டிகள்தாம். நாளைக்கு வேறு வீட்டுக்குப் போனால் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவேன்.

பட்டும் பருத்தியும்

தம்பி, விற்கும் நாளை நினைத்துக்கொண்டு வாழும் நாளெல்லாம் அலமாரியோடு மல்லுக்கட்ட வேண்டுமா? அங் மோ கியோவில் நான் கட்டியது 12 ஆண்டுகளாக நிற்கிறது.

கயல்விழியோ கனிமொழியோ, பெயர் தெரியாத தங்கைக்கு ஒன்று சொல்கிறேன். யாரையும் கூப்பிடுவதற்கு முன் தரையில் உட்காருங்கள். உள்ள துணி அத்தனையையும் குவியல் குவியலாகப் பிரியுங்கள். தொங்குவது, மடிப்பது, ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பது. நானும் அம்மாவும் இரண்டு மாலை இதைச் செய்தோம். தச்சர் முதலில் வரைந்து தந்த படத்தில் முக்கால்வாசி ஒரே உயரத்தில் கம்பியாக இருந்தது. எங்களுக்கோ நீளமாகத் தொங்குவது இரண்டு அடி அகலத்துக்குக்கூட இல்லை!

சேலைக் கணக்கைப் பாருங்கள். ஐந்தரை மீட்டர் சேலையை நான்காக மடித்தால் ஒன்றேகால் மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். மாட்டியில் போட்டால் இரு பக்கமும் 70 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதனால் பருத்திச் சேலைகளுக்குக் கம்பிக்குக் கீழே 80 சென்டிமீட்டர் விட்டால் தாராளம். மேலொன்று கீழொன்றாக இரண்டு வரிசை வந்துவிடுகிறது. பட்டைத் தொங்கவிடாதீர்கள், சரிகையின் கனம் இழையை இழுக்கும். எனக்கு 12 சென்டிமீட்டர் இடைவெளியில் வெளியே இழுக்கும் தட்டுகள் எட்டு. ஒரு தட்டில் நான்கு சேலை, ஒவ்வொன்றும் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடிக்கிறேன். அம்மாவின் கூறைச்சேலை இன்னும் மடிப்பில் இற்றுப்போகாமல் இருக்கிறது.

ஈசூன்காரன்

அக்கா, துணியைக் கணக்கெடுங்கள் என்பதை ஏற்கிறேன், எல்லாரும் செய்ய வேண்டியது. ஆனால் இழுக்கும் தட்டு கடையிலும் கிடைக்கிறது. கம்பியை ஏற்றி இறக்கத் துளைகள் போட்டே வருகின்றன. பிள்ளை பிறந்தால், துணி மாறினால், ஒரு திருப்புளியோடு நானே மாற்றிக்கொள்வேன். உங்கள் எட்டுத் தட்டை அப்படி மாற்ற முடியுமா?

அளவுநாடா

14 ஆண்டுகளாக வீடுகளில் அலமாரி பொருத்துவது என் வேலை. இரண்டு பக்கமும் சொல்லாத ஒன்று: அந்தச் சுவருக்குக் கடைப் பெட்டி நுழையாது. 9 அடி என்றால் 274 சென்டிமீட்டர். ஐக்கியா கடையின் பேக்ஸ் அலமாரிப் பெட்டிகள் 50, 75, 100 அகலத்தில் வருகின்றன. 100, 100, 75 என்று வைத்தால் 275! இரண்டு 100, ஒரு 50 என்றால் ஓரத்தில் ஒட்டடை படிய ஒரு சந்து. உயரத்தில் பெரியது 236. வீவக வீட்டுக் கூரை ஏறக்குறைய 260. மேலேயும் தூசு.

கழற்றி மாட்டலாம் என்பதையும் யோசியுங்கள். விலை குறைந்த பெட்டிகள் பெரும்பாலும் மரத்துகள் பலகை. ஒருமுறை பிடுங்கிய திருகாணி அதே ஓட்டையில் பழைய பிடியோடு நிற்பதில்லை.

ஆனால் "சுவர் 9 அடி" என்று நீங்களே சொன்னதை நம்பி விலைப்புள்ளி தந்தவரிடமும் வேலையைக் கொடுக்காதீர்கள். போன வாரம் செங்காங்கில் ஒரு புது வீடு. கூரையோரம் 2,743 மில்லிமீட்டர், இடுப்பளவில் 2,736, தரையில் 2,725. சுவர் அப்படித்தான் இருக்கும். தரை போட்டு முடிந்தபின், மூன்று மட்டத்திலும் அளந்த பிறகே பலகையை வெட்ட வேண்டும். பல நிறுவனங்களுக்குப் பட்டறை ஜோகூரில். தவறாக வெட்டிய ஒரு கதவு கடற்பாலத்தைத் தாண்டித் திரும்பி வருவதற்குள் உங்களுக்கு அலுத்துவிடும்.

பொங்கோல் புதுவீடு

அவர் இன்னும் நேரில் அளக்கவில்லை. வரைபடத்தைப் பார்த்துத்தான் சொன்னார். முன்பணம் 50 விழுக்காடு கேட்கிறார். கதவு எப்படி வைப்பது? கட்டில் கால் பக்கத்துக்கும் அலமாரிக்கும் நடுவே 55 சென்டிமீட்டர்தான் மிஞ்சும்.

ஈசூன்காரன்

50 விழுக்காடா? கொடுக்காதீர்கள். இதில் எனக்குப் பட்ட காயம் இருக்கிறது. சமையலறை வேலைக்கு 60 விழுக்காடு கொடுத்தேன். இரண்டு மாதத்தில் நிறுவனம் கதவைச் சாத்திவிட்டது. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை விசாரிக்கும். எனக்குச் சாதகமாகத்தான் உத்தரவு வந்தது. மூடிய நிறுவனத்திடம் வசூலிப்பது யார்? அந்தத் தாள் இன்னும் கோப்பில் இருக்கிறது. கடையில் பணம் கட்டினால் பொருள் வீட்டுக்கு வருகிறது, அவ்வளவுதான். நான் கடைப் பெட்டி என்று நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அளவுநாடா

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அண்ணன். எங்கள் தொழிலுக்கே அது தலைக்குனிவு. வீவகவின் பட்டியலில் பதிந்த குத்தகையாளராக இருக்க வேண்டும், ஆனால் அந்தப் பதிவு வேலையின் தரத்துக்கு உத்தரவாதம் ஆகாது. பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்ற புதுப்பிப்பு நிறுவனங்கள் முன்பணத்துக்குப் பிணையம் வைத்திருக்க வேண்டும், அப்படிப்பட்டவரைத் தேடுங்கள். பணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள்: படத்தில் கையெழுத்திடும்போது கொஞ்சம், பலகை வீட்டுக்கு வரும்போது கொஞ்சம். கடைசிப் பத்து விழுக்காட்டைக் கதவுகள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்கும் வரை பிடித்து வையுங்கள்.

விலைப்புள்ளியில் "அலமாரி, 9 அடி" என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பலகை ஒட்டுப்பலகையா துகள் பலகையா, எத்தனை மில்லிமீட்டர், முதுகுப் பலகை என்ன, கீல் எந்த நிறுவனத்தது, பிளம்மா ஹெட்டிக்கா, இழுப்பறை எத்தனை, எல்லாம் எழுத்தில் வர வேண்டும்.

கதவுக்கு வருகிறேன். தொங்கும் துணிக்கு 60 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். தள்ளு கதவு என்றால் இன்னும் ஏழெட்டு சென்டிமீட்டர் போகும், ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். 45 அகலத்தில் ஆறு கீல் கதவுகள் வையுங்கள். 55இல் திறக்கும், நீங்கள் ஓரமாக நின்றுகொள்ளலாம்.

ஈசூன்காரன்

ஒரு கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன? என் பழைய அலமாரி குளியலறைச் சுவரில் சாய்ந்திருந்தது. மூன்றாம் ஆண்டு ஒரு நாள் கறுப்புக் கோட்டை எடுத்தேன். முதுகெல்லாம் சாம்பல் நிறப் பூஞ்சை. விளக்கடித்துப் பார்த்தால் முதுகுப் பலகை அப்பளம்போல் உப்பியிருந்தது. ஆண்டு முழுக்க ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊர் இது. கடைப் பெட்டியாக இருந்தால் நகர்த்திப் பார்த்திருப்பேன்.

பொங்கோல் புதுவீடு

குளியலறைதான் அண்ணன்.

பட்டும் பருத்தியும்

இதை நானும் ஒத்துக்கொள்கிறேன். என் அலமாரி ஈரம் படாத உள்சுவரில் இருப்பதால் தப்பித்தது. பட்டு வைக்கும் இடம் என்பதால் கவனம்.

அளவுநாடா

புது வீட்டுக்குச் சாவி வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு, குறைகளை வீவகவிடம் சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம். குளியலறையில் இரண்டு வாரம் நன்றாகத் தண்ணீர் புழங்கிவிட்டு, இந்தப் பக்கச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். சுவர் காய்ந்திருந்தால் கட்டலாம். முதுகுக்கும் சுவருக்கும் நடுவே காற்றோட இடைவெளி விடச் சொல்லுங்கள், பட்டுத் தட்டுகளைக் குளியலறைக் குழாயிலிருந்து தள்ளி எதிர்க் கோடியில் வையுங்கள்.

பொங்கோல் புதுவீடு

நேற்று இரவு கூடத்தில் எல்லாவற்றையும் கொட்டி எண்ணினோம். சேலை 38, அதில் பட்டு 14. நீளமாகத் தொங்குவது ஒன்றரை அடிக்குமேல் தேவைப்படவில்லை. கணவருக்குச் சட்டை 46, அவரே எதிர்பார்க்கவில்லை. தச்சரிடம் கட்டுவது என்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் இவரிடம் இல்லை. நேரில் அளந்து, உள் பகுப்பை வரைந்து, முன்பணம் குறைவாகக் கேட்கும் மூவரைச் சாவி வாங்கியபின் அழைக்கப் போகிறோம்.

ஈசூன்காரன்

கட்டுங்கள் சகோதரி, நான் இன்னும் கடைப் பெட்டி பக்கம்தான். சுவரைத் தடவும்போது தரையோரம் குனிந்து தடவுங்கள். என் வீட்டில் ஈரம் அங்கேதான் தொடங்கியது.