தவிட்டுப்பழம் ஊறப்போட்ட ஜாடி நுரைக்குது, கொட்டிரணுமா?

கோத்தகிரி_குளிரு:
வணக்கம்ங்க. எங்க தேயிலைத் தோட்டத்து ஓரத்துல இந்த வருசம் தவிட்டுப்பழம், அதான் மலையில வர்ற ஊதாக் காட்டுப்பழம், அப்படி ஒரு காய்ப்பு. கரடி வந்து வழிச்சிட்டுப் போறதுக்குள்ள நாம பறிச்சிரலாம்னு நானும் தங்கச்சியும் போனோம், தின்னது போக ஒரு கிலோ வீட்டுக்கு வந்துச்சு. அதைக் கழுவி ஊறுகா ஜாடில போட்டு 300 கிராம் சர்க்கரையும் ஒரு ஆஃப் வோட்காவும் ஊத்தி இறுக்கமா மூடி வெச்சேன். பன்னெண்டு நாள் ஆச்சு, கலர் மை மாதிரி சூப்பரா எறங்கிருச்சு, ஆனா மேல பழம் மெதக்குது, நுரை வருது, புளிச்ச வாசம் லேசா அடிக்குது. கொட்டிரணுமா?

பண்ணைக்காட்டான்:
மொதல்ல போய் மூடியத் தொறந்து விடுங்க, மிச்சத்த அப்புறம் படிங்க. உள்ள கேஸ் சேந்து ஜாடி வெடிச்சிரும்.

தப்பு கணக்குலதாண்ணே. நம்மூரு வோட்கா 42.8 சதவீதம், 375 மில்லில சுத்தமான ஆல்கஹால் 160 மில்லிதான் இருக்கு. ஒரு கிலோ பழத்துல தண்ணியே முக்கா லிட்டருக்கு மேல, அதுல சர்க்கரை வேற கரைஞ்சிருக்கு, எல்லாம் கலந்தா 12, 13 சதவீதம்தான் தேறும். பழத்தோல்ல இருக்குற ஈஸ்ட் இதுக்கெல்லாம் அசையாது, நீங்க போட்ட சர்க்கரையத் தின்னுட்டு ஜாலியா நுரை விட்டுட்டு இருக்கும். நான் ஒரு ஃபுல்லுக்கு, அதாவது 750 மில்லிக்கு, 400 கிராம் பழத்துக்கு மேல போடவே மாட்டேன், அப்பத்தான் பழத்தண்ணி எறங்குன பிறகும் 28 சதவீதம் கிட்ட நிக்கும். சர்க்கரை போடுறது வடிகட்டுன பிறகுதான். இன்னொண்ணு, பழத்த ஒரு ராத்திரி ஃப்ரீசர்ல வெச்சு எடுத்தா தோல் விட்டுக் கொடுத்து சாறு சீக்கிரம் எறங்கும், நசுக்கவே வேணாம். நசுக்குனா தவிட்டுப்பழ விதை அத்தனையும் கலங்கி வடிகட்ட உயிர் போயிரும். பிளம்ஸ் போடுறப்பவும் கொட்டைய மட்டும் உடைச்சிராதீங்க, உள்ள இருக்குற பருப்புல சயனைடு சமாச்சாரம் இருக்கு.

மலைக்கிறுக்கன்:
புளிச்சதுதான் புளிச்சிருச்சு, அப்படியே குக்கர்ல வெச்சு காய்ச்சி எடுத்தா என்ன பாஸ்? 😄

குன்னூர்_அக்கா:
தம்பி, வெளையாட்டுக்குக் கூட இத எழுதாதப்பா. வீட்டுல காய்ச்சுறது 1937 மதுவிலக்குச் சட்டப்படி கேஸு. கள்ளக்குறிச்சில 2024 ஜூன்ல மெத்தனால் கலந்த சாராயத்துல அறுபது பேருக்கு மேல போனாங்களே, அதுக்குள்ள மறந்துருச்சா?

கோத்தகிரி தம்பிக்கு: மேல வெள்ளையாவோ பச்சையாவோ பூசணம் இருந்தா யோசிக்காம கொட்டிரு. வெறும் நுரைதான்னா இன்னொரு ஃபுல் ஊத்து, 22, 23 வரும், புளிக்கிறது நின்னுரும், பழம் முங்கியே இருக்கணும், மறுவாரம் வேட்டித்துணில வடிச்சிரு. பழத்தப் பொறுத்து நாளும் மாறும், மஞ்சள் முள்ளிப்பழத்துக்கு ஒரு வாரமே ஜாஸ்தி, ஊசிக்கலாங்கிற முள்ளுச்செடிப் பழத்துக்கு ஒரு மாசம் ஆனாலும் பத்தாது, புளிப்புனா அப்படி ஒரு புளிப்பு. சொந்த எடத்துலயே பறிங்க, ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள போகாதீங்க. உண்ணிச்செடிப் பழத்தப் போயி காட்டுப்பழம்னு போட்டு வெச்சவரையும் எனக்குத் தெரியும், அது காயா இருந்தா விஷம்.

என்னக் கேட்டா தவிட்டுப்பழத்துக்கு ஜாம்தான் மரியாதை. யாரு கேக்குறா.

கோத்தகிரி_குளிரு:
தொறந்தேன்ங்க, டுஸ்ஸுனு ஒரு சத்தம், சமையக்கட்டு செவுரெல்லாம் ஊதாப் புள்ளி. பூசணம் இல்ல. அம்மா கேட்டாங்க, ஊறுகான்னு சொல்லிருக்கேன். ஃபுல் வாங்க நாளைக்குத்தான் டவுனுக்கு போகணும், அதுவரைக்கும் மூடிய லூசா வெச்சிருக்கேன்.

பண்ணைக்காட்டான்:
எறும்பு ஏறாம பாத்துக்கங்க, சர்க்கரை 300 கிராம் இருக்கு உள்ள.