அலுமினியம் ஃபாயில்: சப்பாத்தி சுத்துறது தவிர வேற என்ன வேலைக்கு ஆகும்?

கொண்டலாம்பட்டி வீடு கேட்டது:

வணக்கம்ங்க. வீட்டுல 72 மீட்டர் ஃபாயில் ரோல் ஒண்ணு இருக்கு. 11 மைக்ரான், அகலம் ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவு. சப்பாத்திக்கு மட்டும் எடுத்தா இப்போதைக்குத் தீராது. வீடியோல எல்லாம் எதுக்கெடுத்தாலும் ஃபாயில்னு காட்டுறாங்க, எது நிஜமா வேலை செய்யும்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியல.

எனக்கு முக்கியமா மூணு விஷயம். கறுத்துப்போன வெள்ளிக் கொலுசும் காமாட்சி விளக்கும் வெளுக்குமா? மாடி ரூமுக்கு சிமெண்ட் சீட் போட்டிருக்கு, சித்திரை வைகாசியில மத்தியானம் உள்ள இருக்க முடியல, அதுக்கு உதவுமா? துரு ஏறின இரும்பு தோசைக்கல்லை இதை வெச்சுத் தேய்க்கலாமா? ஃபாயிலை எதுக்குப் பயன்படுத்தவே கூடாதுன்னும் சொன்னா நல்லது.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:

வெள்ளிக்கு இது நிச்சயம் வேலை செய்யும், முறையாகச் செய்தால்.

வெள்ளி கறுப்பது அழுக்கால் அல்ல. காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து மேலே வெள்ளி சல்பைடு படலமாக உட்காருகிறது. பல்பொடி, விபூதி போட்டுத் தேய்த்தால் அந்தப் படலத்தோடு வெள்ளியும் கொஞ்சம் உரிந்து போகும். ஃபாயில் முறையில் கந்தகத்தை அலுமினியம் இழுத்துக்கொள்ளும், வெள்ளி இருந்த இடத்திலேயே நிற்கும். அதனால் எடை இழப்பு மிகக் குறைவு.

முதலில் கொலுசை சோப்புத் தண்ணீரில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். பிசுக்கு இருக்கும் இடத்தில் கறுப்பு அப்படியே நிற்கும், திட்டுத் திட்டாக வரும். பீங்கான் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தின் உள்ளே ஃபாயிலை விரியுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், பாத்திரமே அரிக்கும். 1 லிட்டர் கொதித்த தண்ணீருக்கு 2 பெரிய ஸ்பூன் சமையல் சோடா, 1 சின்ன ஸ்பூன் உப்பு. சோடாவைப் போட்டதும் நுரைக்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பிறகு கொலுசை விடுங்கள். கொலுசு ஃபாயிலைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். ஃபாயிலில் படாமல் இருக்கும் சங்கிலிக்கு ஒன்றும் ஆகாது, "எனக்கு வரலையே" என்பவர்களில் பாதிப்பேர் தவறுவது இங்கேதான். 2 முதல் 5 நிமிஷத்தில் கறுப்பு போகும். நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள்.

அழுகின முட்டை வாடை லேசாக வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு, வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், குனிந்து மோக்க வேண்டாம். தண்ணீர் ஆறினால் வேகம் போய்விடும். கறுப்பு அதிகமானால் புதுத் தண்ணீர், புது ஃபாயில் என்று இரண்டாம் முறை போடுங்கள்.

எடுத்ததும் நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். சலங்கை முத்து வைத்த கொலுசில் முத்துக்குள் தண்ணீர் நிற்கும். உதறி, ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி விடாமல் டப்பாவில் போட்டால் மறுபடியும் உள்ளிருந்தே கறுக்கும். பளபளப்பு கொஞ்சம் மந்தமாகத் தெரிந்தால் மெல்லிய துணியால் தேய்த்தால் போதும்.

செம்புக் கலப்பு அதிகமான வெள்ளி முழுசாக வெளுக்காது, சாம்பல் அல்லது லேசான சிவப்பு நிற்கும். அது ஃபாயிலின் குறை இல்லை. காமாட்சி விளக்கு வெள்ளியாக இருந்தால் இதே முறை. பித்தளையாக இருந்தால் ஃபாயில் வேண்டாம், புளிதான்.

ஐந்து ரோடு கட்டட வேலை:

சீட்டுக்கு வரேன். முதல் வேலை ஃபாயில் இல்லைங்க. சீட்டு மேல வெளிப்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்போ வெயில் திருப்புற வெள்ளை பெயிண்டோ அடிங்க. சூடு உள்ள வர்றதுக்கு முன்னாடியே நிக்கும். ஃபாயில் அதுக்கு அடுத்த படி.

வெயில் ஏறின சீட்டு கீழ்ப்பக்கமா வெப்பக்கதிரா சூட்டை இறக்குது. சுத்தமான அலுமினியம் அந்தக் கதிர்ல 90 சதவீதத்துக்கு மேல திருப்பிடும், தானும் ரொம்பக் குறைவாத்தான் வெளிவிடும். ஆனா ஃபாயிலுக்கு ஒரு பக்கமாவது காற்று இடைவெளி வேணும். சீட்டுக்கும் இன்னொரு பலகைக்கும் நடுவுல நசுக்கி வெச்சா ஃபாயில் வெறும் உலோகம், சூட்டை அப்படியே கடத்திவிடும்.

11 மைக்ரான் தனியா கட்ட முடியாது, கிழியும். அட்டைப்பெட்டியைப் பிரிச்சு அதுல ஒட்டுங்க. ஃபெவிகால்ல கொஞ்சம் தண்ணி விட்டுத் தடவினா போதும். மைதா பசைல பூச்சி வராம இருக்க மயில்துத்தம் கலக்குற வழக்கம் இருக்கே, அது இங்க கூடவே கூடாது. மயில்துத்தத்துல இருக்குற செம்பு அலுமினியத்தை அரிச்சு ஊசி ஊசியா ஓட்டை போட்டுடும். அதே மாதிரி சுண்ணாம்பும் ஈர சிமெண்டும் ஃபாயிலைத் தொடக்கூடாது.

சீட்டைத் தாங்குற பைப்புல குறுக்கா ரீப்பர் கட்டி, சீட்டுக்கும் அட்டைக்கும் குறைஞ்சது 1 இன்ச் இடைவெளி விடுங்க. அட்டை மேல, ஃபாயில் கீழ ரூமைப் பார்த்து. மேல பார்த்து வெச்சா முதல் வருஷம் நல்லா இருக்கும், அப்புறம் தூசி படிஞ்சு வேகம் குறையும். ரெண்டு ஓரத்துலயும் இடைவெளியை அடைக்காதீங்க, சூடான காத்து வெளிய போகணும். பளபளப்புப் பக்கமா மங்கல் பக்கமானு குழம்ப வேண்டாம், வித்தியாசம் பேருக்குத்தான். ஆலைல கடைசித் தடவை ரெண்டு தாளைச் சேர்த்து உருட்டும்போது ஒண்ணோட ஒண்ணு ஒட்டுற முகம் மங்கலா வருது, அவ்வளவுதான்.

10க்கு 12 அடி ரூம்னா, ஒரு தாள் மேல அடுத்த தாள் 2 இன்ச் ஏறுற மாதிரி வெச்சு ஏறக்குறைய 46 மீட்டர் ஆகும். உங்க ரோல் தாராளமாப் போதும்.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, வயர் போற இடத்துல, பல்பு ஹோல்டர் பக்கத்துல ஃபாயில் வேண்டாம், அரை அடி தள்ளி நிறுத்துங்க. ஃபாயில்ல கரண்டு பாயும், அட்டை தீப்பிடிக்கும். ரெண்டு, பழைய ஆஸ்பெஸ்டாஸ் சீட்டா இருந்தா அதுல துளை போடாதீங்க, தேய்க்காதீங்க. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. கம்பியால பைப்புலயே கட்டுங்க.

மேற்கு ஜன்னலுக்கும் இதே அட்டையை வைக்கலாம், கண்ணாடிக்கு வெளிப்பக்கம். உள்பக்கமா கண்ணாடில நேரா ஒட்டினா கண்ணாடி சூடேறி விரிசல் விட வாய்ப்பு இருக்கு.

அம்மாபேட்டை மெக்கானிக்:

தோசைக்கல்லுக்குத் தாராளமா பண்ணலாம். ஃபாயிலை எலுமிச்சம்பழ அளவு கசக்கி, கல்லுல ஒரு ஸ்பூன் கல்லுப்பு போட்டு உலர்வாவே வட்டமாத் தேய்ங்க. அலுமினியம் இரும்பை விட மெத்து, அதனால கீறல் விழாது. சாம்பல் கலர் பொடி வரும், அதைச் சுத்தமா கழுவணும். உடனே அடுப்புல வெச்சு ஈரம் போகக் காய்ச்சி, நல்லெண்ணெய் மெல்லிசாத் தடவி லேசாப் புகை வர்ற வரைக்கும் விடுங்க. மூணு தடவை. பாதி வெங்காயத்தால தேய்ச்சுப் பார்த்து, வெங்காயத்துல கறுப்பு ஒட்டாத வரைக்கும் தோசை ஊத்தாதீங்க. நான்ஸ்டிக்ல இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

சைக்கிள் ஹேண்டில்பார், குரோம் பூசின குழாய்ல புள்ளிப் புள்ளியாத் துரு இருந்தா ஃபாயிலைத் தண்ணில நனைச்சுத் தேய்ங்க, போயிடும். பூச்சே உரிஞ்சிருந்தா பயன் இல்ல. ரிமோட்ல ஸ்பிரிங் தளர்ந்து பேட்டரி தொடலைனா ஃபாயிலை நாலா மடிச்சு ஸ்பிரிங்குக்கும் பேட்டரிக்கும் நடுவுல வைங்க. ரெண்டு முனையையும் சேர்த்துத் தொட்டுடக் கூடாது, அவ்வளவுதான். கத்திரிக்கோல் மழுங்கினா ஃபாயிலை எட்டா மடிச்சு பத்துப் பன்னிரண்டு வெட்டு வெட்டுங்க, கூர் வந்துடும்.

ஏற்காடு மிளகு:

கத்திரிக்கோல் விஷயத்தில் மட்டும் மாற்றுக் கருத்து. ஃபாயிலை வெட்டினால் விளிம்பில் மடிந்த பிசிறு நிமிரும், ஒட்டிய பசை போகும். அதனால் கொஞ்ச நேரம் நன்றாக வெட்டுவது போல இருக்கும். உண்மையாக மழுங்கியதற்கு சாணை பிடிப்பதுதான் வழி, இவ்வளவு மெல்லிய அலுமினியம் எஃகைத் தீட்டாது.

மலைமேல் பனியும் ஈரமும் அதிகம் என்பதால் இங்கே ஃபாயிலின் பெரிய பயன் ஈரத்தைத் தடுப்பது. தீப்பெட்டியைச் சுற்றி இரட்டை மடிப்பாக ஓரத்தை மடித்து வைத்தால் மழைக்காலத்திலும் நமுத்துப் போகாது. காப்பித்தூளுக்கும் நல்லது, வெளிச்சமும் காற்றும் படாது. ஆனால் இவ்வளவு மெல்லிய தாளில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் இருக்கும். இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக மூடும் டப்பாவுக்குள் வையுங்கள். மிளகைச் சுற்றுவதாக இருந்தால் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் அது வெளியேற வழியில்லாமல் உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும்.

பெயிண்ட் பிரஷை ராத்திரி கழுவாமல் ஃபாயிலில் இறுகச் சுற்றி வைத்தால் காலையில் காயாமல் இருக்கும். கல் சுவர் வீடுகளில் வைஃபை பெட்டிக்குப் பின்னால், அட்டையில் ஒட்டிய ஃபாயிலை வளைத்து நிறுத்தினால் முன்பக்கம் சிக்னல் கொஞ்சம் கூடும். பின்பக்க அறைக்கு அந்த அளவு குறையும்.

இனி, செய்யவே கூடாதவை. புளி, தக்காளி, ஊறுகாய் எதையும் ஃபாயிலில் வைத்துச் சேமிக்காதீர்கள். புளிப்பும் உப்பும் மேல்படலத்தைக் கரைத்து, அலுமினியம் சாப்பாட்டில் இறங்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்து மேலே ஃபாயில் மூடினால் இன்னும் மோசம். குழம்பு தொடும் இடத்தில் பேட்டரி மாதிரி வேலை நடந்து ஓட்டை விழும். கேஸ் அடுப்பில் பர்னரை ஒட்டி ஃபாயில் விரிப்பது ஆபத்து. காற்று போகும் வழி அடைபட்டால் தீ மஞ்சளாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரும். மைக்ரோவேவில் கசங்கிய ஃபாயில் பொறி பறக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டையில் கம்பிக்குப் பதில் ஃபாயிலை மடித்து வைக்காதீர்கள். எத்தனை ஆம்பியரில் அறும் என்று சொல்ல முடியாது. அது அறுவதற்கு முன் சுவருக்குள் வயர் எரியும்.

பயன்படுத்தியதைக் கழுவி, முஷ்டி அளவு உருண்டையாகச் சேர்த்து காயலான் கடைக்குக் கொடுங்கள். தாளாகக் கொடுத்தால் உலையில் உருகுவதற்கு முன்பே நிறைய எரிந்து வீணாகும். இந்தச் சேர்வராயன் மலையிலிருந்து வெட்டிய பாக்சைட்தான் மேட்டூர் மால்கோ ஆலையில் அலுமினியம் ஆனது. தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் மின்சாரத்தோடு பார்த்தால், பழையதை உருக்க ஏறக்குறைய 5 சதவீதம் போதும். கசக்கிக் குப்பையில் போடும் பொருள் இல்லை.

கொண்டலாம்பட்டி வீடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வெள்ளிக்காரரே, இன்னும் ஒண்ணு. ஒரு ஜோடியில சிவப்புக் கல் வெச்சிருக்கு. இன்னொண்ணு பூ வேலைக்கு நடுவுல கறுப்பாவே இருக்குற மாடல். ரெண்டையும் போடலாமா?

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:

இரண்டையும் போடாதீர்கள். கல் பசையில் நிற்கிறது, கொதிதண்ணீரில் பசை இளகிக் கல் உதிரும். இன்னொன்றில் பள்ளத்தில் இருக்கும் கறுப்பு வேண்டுமென்றே ஏற்றியது, ஆக்சிடைஸ் மாடல். ஃபாயில் அதையும் வெளுத்துவிடும், பிறகு பூ வேலை எடுப்பாகத் தெரியாது. மீனா வேலையும் (வண்ண எனாமல்) தங்க முலாமும் இருந்தாலும் இதே பதில். இவற்றுக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், குழந்தைகள் பல் விளக்கும் மெத்தென்ற பிரஷ். கல்லைச் சுற்றி அழுத்தாமல் தேய்த்து உடனே ஈரத்தை ஒற்றுங்கள்.