முதுமலை: காடு யாருக்கு, முடிவு யாருடையது?

கூடலூரான்:
முதுமலைப் புலிகள் காப்பகத்தில், புலிக்கென்றே ஒதுக்கும் 321 சதுர கி.மீ. மையப் பகுதியை 2007 டிசம்பர் கடைசியில் அறிவித்தார்கள். சில நாளிலேயே, டிசம்பர் 31 அன்று, காட்டில் வாழ்பவர்களின் உரிமையை ஏற்கும் வன உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் கிராம சபைகளில் முறையாகக் கேட்டுவிட்டுக் கோடு போட அவ்வளவு நாள்கூடப் பொறுக்க முடியவில்லையா?

பவானிக்கரை:
கோபம் புரிகிறது அண்ணா. ஆனால் மோயாறு அந்தக் காட்டை ஒட்டி ஓடித்தான் பவானிசாகருக்கு வருகிறது, எங்கள் கீழ்பவானி வாய்க்காலுக்குத் தண்ணீர் அந்த அணையிலிருந்துதான். 1940-லேயே சரணாலயம் ஆக்காமல் விட்டிருந்தால் இன்று எவ்வளவு காடு மிஞ்சியிருக்கும்? கூடலூரைச் சுற்றித் தேயிலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

கூடலூரான்:
காட்டை எடுத்துவிடுங்கள் என்று நான் எங்கே சொன்னேன்? உள்ளே போய்ப் பாருங்கள், உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது, அதன் அடியில் புல் எழும்பாது, அப்புறம் யானை எதைத் தின்னும்? முன்பெல்லாம் புதர் மண்டாமலிருக்கக் கோடைக்கு முன்னால் சின்னதாகத் தரைத்தீ வைப்போம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களை ஒரு கூட்டத்துக்காவது கூப்பிட்டுக் கேட்கலாமே.

பவானிக்கரை:
கேட்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளூர் முடிவு என்று விட்டால் பேசப்போவது பெரியவர்களா, விடுதிக்காரர்களா? சீகூர் யானை வழித்தடத்தில் விடுதிகள் எழும்பியதைப் பார்த்தோமே. 2020-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழித்தடத்தை உறுதி செய்யும்வரை வழக்கு இழுத்தது.

தெப்பக்காடு வழி:
நடுவில் வருகிறேன், மன்னியுங்கள். கும்கிகளைப் பார்த்துக்கொள்ளும் பாகன், அவருக்கு உதவும் காவடி, இரவில் ரோந்து போகும் வேட்டைத் தடுப்புக் காவலர் என்று எடுத்தால் பெரும்பாலும் பழங்குடியினர்தான், காவலர் பலருக்கு வேலையும் நிரந்தரமில்லை. சுற்றுலா வருமானம் உள்ளூரிலேயே செலவாக வேண்டும் என்றுதான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2006 திருத்தம் காப்பகத்துக்கு ஓர் அறக்கட்டளையைக் கொடுத்தது. அதன் கணக்கை ஊரில் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

கூடலூரான்:
அதைத்தான் கேட்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை கிராம சபையில் வரவுசெலவை வாசிக்கட்டும். வழித்தடத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, அதில் விடுதி கட்டவே கூடாது.

பவானிக்கரை:
கணக்கு வாசிப்பதற்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் காட்டு வழிச் சாலையில் இரவு 9 மணிக்கு மேல் வண்டி விடக் கூடாது என்பதை மட்டும் எந்தச் சபையும் தளர்த்தக் கூடாது.

கூடலூரான்:
அதையும் எங்களிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். மைசூருக்குப் போகிற பாதை அதுதான்.